'பழைய ஆள்' வென்ற கோப்பைகள்

2003-ஆம் ஆண்டு ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. மாட்ரிட் நகரின் பெர்னபேயு மைதானத்தில் ரியால் மாட்ரிட் அணி, அத்லெடிக் பில்பாவோவை 3-1 என்ற கணக்கில் தோற்கடித்து, 29-வது முறையாக ஸ்பெயின் லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. மறுநாள் திங்கட்கிழமை, அணியின் பயிற்சியாளர் விசென்ட்டே டெல் போஸ்கேயிடம் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று சொல்லப்பட்டது. கல்யாணப் பந்தலைப் பிரிப்பதற்கு முன்பே, சமைத்துப் போட்டவருக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிய கதை.

காரணம் என்ன? மூன்றரை ஆண்டுகளில் அவர் வென்று கொடுத்தவை: இரண்டு ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள், இரண்டு ஸ்பெயின் லீக் பட்டங்கள், ஸ்பெயின் சூப்பர் கோப்பை, ஐரோப்பிய சூப்பர் கோப்பை, கண்டங்களுக்கு இடையிலான கோப்பை. ஆக மொத்தம் ஏழு. போதாது என்று யாரும் சொல்லவில்லை. கிளப்பின் தலைவர் ஃபுளோரென்டினோ பெரெஸ் தரப்பிலிருந்து வந்த விளக்கம் வேறு விதமானது. டெல் போஸ்கே களைத்துப்போய்விட்டார், அவருடைய முறைகள் பழையவை, எதிர்காலத்துக்கு நவீனமான ஒருவர் தேவை என்பது அதன் சாரம். அப்போது அவருக்கு வயது 52. பதினேழு வயதுப் பையனாக 1968-இல் அந்த கிளப்பின் வாசலை மிதித்தவர், 35 ஆண்டுகள் கழித்து 'பழைய ஆள்' என்ற பட்டத்தோடு வெளியே வந்தார்.

இது நடந்த ஏழு ஆண்டுகளில் உலகக் கோப்பையையும் ஒன்பது ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையையும் ஸ்பெயினுக்கு வென்று கொடுத்தார் அதே பழைய ஆள். சாம்பியன்ஸ் லீக், உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் வென்ற முதல் பயிற்சியாளர் அவர்தான். விரட்டியவர்கள் முகத்தில் கரி பூசிய கதையாக இதைச் சொல்லிக் கைதட்டுவது சுலபம். ஸ்பெயின் பத்திரிகைகள் பல முறை சொல்லியும் விட்டன. ஆனால் அவருடைய வாழ்க்கை அவ்வளவு வசதியான நீதிக்கதை அல்ல. வயதைக் காட்டித் தூக்கியெறியப்பட்ட ஒருவர், பிறகு மற்றவர்களின் வயதை எப்படிப் பார்த்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதும் அந்தக் கதையின் பாதி.

டெல் போஸ்கே பிறந்தது 1950 டிசம்பர் 23-ஆம் தேதி, மேற்கு ஸ்பெயினில் உள்ள சலமான்கா என்ற பழைய பல்கலைக்கழக நகரத்தில். பல்கலைக்கழகத்துக்கும் அவருடைய குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை. தந்தை ரயில்வே ஊழியர். இடதுசாரிச் சிந்தனை கொண்டவர். உள்நாட்டுப் போரின்போது அதற்காகச் சிறையில் அடைக்கப்பட்டவர். 1939-இல் போர் முடிந்து ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் ஆரம்பித்த பிறகு அத்தகைய வீடுகளில் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொண்ட பாடம் குரலைத் தாழ்த்திப் பேசுவது. பிற்காலத்தில் டெல் போஸ்கேயின் அடையாளமாகிப்போன அந்த அமைதிக்கு ஆளாளுக்கு அர்த்தம் சொன்னார்கள். சலமான்காவின் அந்த ரயில்வேக்காரர் வீட்டை நினைத்துப் பார்த்தால் அது வெறும் சுபாவம் என்று தோன்றுவதில்லை.

ரியால் மாட்ரிட் அவரைச் சேர்த்துக்கொண்டாலும் உடனே ஆட விடவில்லை. கஸ்டெயோன், கோர்தோபா ஆகிய சிறிய கிளப்புகளுக்கு 'இரவல்' கொடுத்தது. கஸ்டெயோன் அணியில் இருந்தபோது 1973-இல் ஸ்பெயின் கோப்பையின் இறுதியாட்டம் வரை போனார். பில்பாவோவிடம் தோல்வி. அதன் பிறகுதான் ரியால் மாட்ரிட் அவரைத் திரும்ப அழைத்தது. 1984 வரை நடுக்கள ஆட்டக்காரராக நீடித்தார். ஐந்து லீக் பட்டங்கள், நான்கு கோப்பைகள், நாட்டுக்காக 18 ஆட்டங்கள்.

உயரமான உருவம், அடர்ந்த மீசை. ஓட்டத்தில் வேகம் குறைவு. ஆனால் பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அது அடுத்துப் போகவேண்டிய இடத்தைக் கண் பார்த்துவிடும். கோல் அடிப்பவர் பெயர் மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வரும். அவருக்குப் பந்து கொடுத்தவருக்குப் பந்து கொடுத்தவர் பெயர் வராது. டெல் போஸ்கே அந்த மூன்றாவது ஆள். தன்னைப்போன்ற மூன்றாவது ஆட்களின் மதிப்பை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

ஆட்டக்காரராக அவருக்குக் கிட்டாத ஒன்று ஐரோப்பியக் கிளப் கோப்பை. 1981 மே மாதம் பாரிஸில் நடந்த இறுதியாட்டத்தில் அவர் களத்தில் இருந்தார். எதிரே லிவர்பூல். 82-வது நிமிடத்தில் ஆலன் கென்னடி அடித்த ஒரே கோலில் ரியால் மாட்ரிட் தோற்றது.

ஆடுவதை நிறுத்திய பிறகு நட்சத்திரங்கள் சாதாரணமாகத் தேடும் இடங்களை அவர் தேடவில்லை. கிளப்பின் இளைஞர் பிரிவுக்குப் போனார். ரியால் மாட்ரிட்டின் இரண்டாம் அணியான கஸ்தீயாவுக்கு 1987 முதல் 1990 வரை பயிற்சியளித்தார். இந்தக் கஸ்தீயா ஒரு விசித்திரமான அணி. 1980-இல் இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே முதல் பிரிவு அணிகளை வரிசையாக வீழ்த்தி ஸ்பெயின் கோப்பையின் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. அங்கே எதிரணி சாட்சாத் ரியால் மாட்ரிட். அண்ணன் தம்பிகள் மோதிய அந்த ஆட்டத்தில் அண்ணன்மார் 6-1 என்று வென்றார்கள். அன்று அண்ணன்மார் அணியில் இருந்தவர் டெல் போஸ்கே. பின்னால் தம்பிகளை வளர்க்கும் வேலையும் அவருக்கே வந்தது.

பிறகு இளைஞர் பயிற்சி முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது. பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்கள் ஆடுவதை மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்ப்பது, யாரை வைத்துக்கொள்வது, யாரிடம் 'போதும் தம்பி' என்று சொல்வது என்று முடிவெடுப்பது. வெளியுலகுக்குத் தெரியாத வேலை. 1994-இலும் 1996-லும் முதல் அணியின் பயிற்சியாளர் பதவி காலியானபோது தாற்காலிகமாக அவரை உட்காரவைத்தார்கள். புதியவர் வந்ததும் எழுந்து தன் பையன்களிடம் திரும்பிப் போனார். அலுவலகங்களில் இப்படி ஒருவர் இருப்பார். மானேஜர் லீவில் போனால் கையெழுத்துப் போடுவார், மானேஜர் ஆகமாட்டார்.

1999 நவம்பரில் வேல்ஸ்காரரான ஜான் டோஷாக்கை கிளப் நீக்கியபோதும் அப்படித்தான் அழைத்தார்கள். அணி லீக்கில் தடுமாறிக்கொண்டிருந்தது. இந்த முறை அவர் எழுந்து போகவில்லை. லீக்கில் ஐந்தாவது இடம்தான் கிடைத்தது. ஆனால் சாம்பியன்ஸ் லீக்கில் நடந்தது வேறு. கால் இறுதியின் முதல் ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்திருக்க, இரண்டாவது ஆட்டத்துக்காக முந்தைய சாம்பியன் மான்செஸ்டர் யுனைடெட்டின் சொந்த மைதானத்துக்குப் போனது ரியால் மாட்ரிட். வழக்கத்துக்கு மாறாக நடுப் பின்களத்தில் மூன்று பேரை நிறுத்தி ஆடவைத்தார் டெல் போஸ்கே. எதிராளி கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மூன்று கோல்கள் விழுந்துவிட்டன. 3-2 என்று வெற்றி. 'நல்ல மனிதர்' என்று அவரைத் தட்டிக்கொடுத்தவர்கள் அன்றைக்கு அவருடைய மூளையையும் பார்த்திருக்கலாம். பலர் பார்க்கவில்லை.

2000 மே 24 அன்று பாரிஸ் நகரை ஒட்டிய செயின்ட் டெனிஸ் மைதானத்தில் வலென்சியாவை 3-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது அவருடைய அணி. 19 ஆண்டுகளுக்கு முன்பு அதே பாரிஸில் தலைகுனிந்து வெளியேறியவருக்கு அது கணக்குத் தீர்ந்த நாள்.

அந்த ஆண்டு ஜூலையில் ஃபுளோரென்டினோ பெரெஸ் கிளப்பின் தலைவரானார். கட்டுமானத் தொழிலில் கோடிகளைப் பார்த்தவர். ஆண்டுக்கு ஒரு உலக நட்சத்திரம் என்பது அவருடைய திட்டம். 2000-இல் ஃபிகோ, 2001-இல் ஜிடான், 2002-இல் பிரேசிலின் ரொனால்டோ, 2003-இல் பெக்காம். நட்சத்திரங்கள் ஒரு பக்கம், கிளப்பிலேயே வளர்ந்த பையன்கள் ஒரு பக்கம் என்று அணியை அமைப்பதாகத் திட்டம். இரண்டு பக்கமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள் வேண்டும். பையன்களை வளர்த்தவரும் நட்சத்திரங்களைக் கண்டு வாய்பிளக்காதவருமான டெல் போஸ்கே அந்த வேலைக்கு வாய்த்திருந்தார். அவர் கத்தமாட்டார். யாரையும் பத்திரிகையாளர்கள் முன்பு குறைசொல்லமாட்டார். தோற்றால் தன் தவறு என்பார், வென்றால் ஆட்டக்காரர்களைக் காட்டுவார்.

2002 மே 15, கிளாஸ்கோ. சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ஜெர்மனியின் லெவர்கூஸன் அணிக்கு எதிராக ஜிடான் அந்தரத்தில் வந்த பந்தை இடது காலால் வீசியடித்த கோலை உலகம் இன்னும் பேசுகிறது. அதே ஆட்டத்தில் நடந்த இன்னொன்றும் பேசத் தக்கது. அந்தப் பருவத்தில் கோல்கீப்பர் இடத்தை இழந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் இக்கர் கசியாஸ். கிளப்பின் இளைஞர் பிரிவில் வளர்ந்த பையன். 21 வயது நிறைய இன்னும் ஐந்து நாள் இருந்தது. 68-வது நிமிடத்தில் கோல்கீப்பர் செசார் காயம்பட்டு வெளியேற, கசியாஸ் இறங்கினார். கடைசி நிமிடங்களில் மழையாகப் பொழிந்த அடிகளைத் தடுத்தார். 2-1 என்று கோப்பை கிடைத்தது. கசியாஸின் பெயரை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பதினான்கு ஆண்டுகள் கழித்து அவர் இந்தக் கதையில் மீண்டும் வருவார், வேறு முகத்தோடு.

இத்தனையும் செய்தவர்தான் 2003 ஜூனில் 'நவீனம் போதாது' என்று அனுப்பப்பட்டார். அணித் தலைவர் ஃபெர்னாண்டோ இயெரோவின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. டெல் போஸ்கேயின் இடத்துக்கு மான்செஸ்டரில் துணைப் பயிற்சியாளராக இருந்த கார்லோஸ் கெய்ரோஸ் வந்தார். அந்தக் கோடை முடிவதற்குள் குளோட் மக்கெலெலேயும் செல்ஸி கிளப்புக்குப் போய்விட்டார். கோல் அடிக்காத, தந்திரம் காட்டாத ஆட்டக்காரர் அவர். எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறித்துப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பார். அவ்வளவுதான் வேலை. அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் போன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று மாட்ரிட்டுக்குத் தெரிந்தது. 2004-இல் லீக்கின் கடைசி ஐந்து ஆட்டங்களையும் தோற்று நான்காவது இடத்தில் முடித்தார்கள். கெய்ரோஸ் ஒரே ஆண்டில் வெளியேறினார். அடுத்த லீக் பட்டம் கிடைக்க 2007 வரையும், அடுத்த சாம்பியன்ஸ் லீக் கோப்பை கிடைக்க 2014 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்த ஆண்டுகள் டெல் போஸ்கேக்கும் இனிக்கவில்லை. 2004-இல் துருக்கியின் பெஷிக்டாஷ் கிளப்புக்குப் போனார். 2005 ஜனவரியில் அங்கிருந்தும் நீக்கப்பட்டார். அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் எந்த அணியும் அவர் கையில் இல்லை. வீட்டைத் தவிர வேறு இடத்தில் வேலை செய்யத் தெரியாதவர், வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் நாணயம் என்று அப்போது சொன்னவர்களைக் குறைசொல்ல முடியாது. அத்தாட்சி அவர்கள் பக்கம்தான் இருந்தது.

2008 ஜூலையில் ஸ்பெயின் கால்பந்து சம்மேளனம் அவரை அழைத்தபோது அவருக்குக் கிடைத்தது ஒரு தர்மசங்கடமான பரிசு. சில நாட்களுக்கு முன்புதான் லூயிஸ் அரகோனெஸ் பயிற்சியில் ஸ்பெயின் ஐரோப்பிய சாம்பியன் ஆகியிருந்தது. 44 ஆண்டுகளில் முதல் பெரிய கோப்பை. இந்த நிலையில் புதிதாக வருபவருக்கு ஒரு சபலம் வரும். தன் முத்திரையைப் பதிக்கவேண்டும், பழைய தடயங்களை அழிக்கவேண்டும் என்று தோன்றும். அரசியலில் ஆட்சி மாறினால் முந்தைய ஆட்சியின் திட்டங்கள் பெயர் மாறுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. டெல் போஸ்கே அணியை அப்படியே வைத்துக்கொண்டார். பந்தைக் காலிலேயே வைத்துச் சிறு சிறு தட்டல்களால் நகர்த்தும் ஆட்டமுறையையும் வைத்துக்கொண்டார். புஸ்கெட்ஸ், பெத்ரோ போன்ற இளைஞர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பத்து ஆட்டங்கள், பத்தும் வெற்றி.

2010 ஜூன் 16-ஆம் தேதி டர்பனில் முதல் ஆட்டம். ஸ்விட்சர்லாந்திடம் 0-1 என்று தோல்வி. ஸ்பெயின் பத்திரிகைகள் கொதித்தன. நடுக்களத்தில் தற்காப்புக்கு ஷாபி அலோன்ஸோ, செர்ஜியோ புஸ்கெட்ஸ் என்று இரண்டு பேர் எதற்கு, ஒருவர் போதாதா என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அரகோனெஸே வெளிப்படையாக விமர்சித்தார். குறிப்பாக எல்லோர் கையும் நீண்டது 21 வயதுப் புஸ்கெட்ஸை நோக்கி. டெல் போஸ்கே குரலை உயர்த்தவில்லை. தான் மறுபடி ஆட்டக்காரனானால் புஸ்கெட்ஸைப் போல ஆட ஆசைப்படுவேன் என்று மட்டும் சொன்னார். அடுத்த ஆட்டத்திலும் இருவரையும் இறக்கினார். இறுதியாட்டம் வரை இறக்கினார். மக்கெலெலேயை இழந்த வீட்டின் கதியைக் கண்டவர் அவர். கண்ணுக்குத் தெரியாத வேலை செய்கிறவனை முதல் தோல்வியில் பலிகொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அதன்பின் நடந்தது தெரிந்ததே. போர்ச்சுகல், பராகுவே, ஜெர்மனி மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக 1-0 என்ற கணக்கில் வீழ்ந்தன. ஜூலை 11 இரவு ஜோஹன்னஸ்பர்கில் நெதர்லாந்துடன் இறுதியாட்டம் தொடங்கியபோது இந்தியாவில் நள்ளிரவு. 116-வது நிமிடத்தில் இனியஸ்ட்டா கோல் அடித்தபோது இங்கே இரண்டு மணி தாண்டியிருந்தது. கண்விழித்துக் காத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த கோலை மறுபடி போட்டுப் பார்த்தால் ஒன்று புலப்படும். வலப்பக்கம் பந்தைக் கொண்டு ஓடிய நவாஸ், குறுக்கே அனுப்பிய டோரெஸ், கடைசியாக இனியஸ்ட்டாவிடம் கொடுத்த ஃபாப்ரெகாஸ் ஆகிய மூவரும் பெஞ்சிலிருந்து டெல் போஸ்கே எழுப்பி அனுப்பிய மாற்று ஆட்டக்காரர்கள். ஏழு ஆட்டங்களில் மொத்தம் எட்டே கோல்கள் அடித்து உலக சாம்பியன் ஆனது ஸ்பெயின். அவ்வளவு குறைந்த கோல்களுடன் அதுவரை யாரும் கோப்பை வென்றதில்லை. சிக்கனமான வீட்டுக்காரரின் கணக்கு அது.

அந்த அணியில் பார்சிலோனாக்காரர்கள் ஏழு பேர், மாட்ரிட்காரர்கள் மூன்று பேர். கட்டலோனியா தனிநாடு கேட்கும் நாட்டில் இது வெறும் கிளப் கணக்கு அல்ல. 2011-இல் இரண்டு கிளப்புகளும் 18 நாட்களில் நான்கு முறை மோதி, களத்திலேயே கைகலப்பு வரை போனபோது தேசிய அணி உடைந்துவிடும் என்று பலர் பயந்தார்கள். மாட்ரிட்டின் கசியாஸும் பார்சிலோனாவின் ஷாவியும் தொலைபேசியில் பேசிச் சமாதானமானார்கள். சிறுவயதிலிருந்து ஸ்பெயின் இளைஞர் அணிகளில் ஒன்றாக ஆடி வளர்ந்தவர்கள் அவர்கள். யாரையும் யாருக்கு எதிராகவும் தூண்டிவிடாத ஒரு பயிற்சியாளர் மேலே இருந்தது அந்தச் சமாதானத்துக்கு உதவியிருக்க வேண்டும்.

உலகக் கோப்பைக்குப் பிறகு ஸ்பெயின் மக்கள் மறக்காத இன்னொரு காட்சி, டெல் போஸ்கேயின் மகன் கோப்பையோடு நின்றது. மூன்று பிள்ளைகளில் நடுவில் பிறந்த அவருக்கு டவுன் சிண்ட்ரோம். பிறந்த புதிதில் தாங்களும் அழுததை, இன்று அவர் இல்லாத வாழ்க்கையைக் கற்பனை செய்யவே முடியாததை டெல் போஸ்கே பல பேட்டிகளில் ஒளிக்காமல் பேசியிருக்கிறார். அந்த மகனைப் பற்றி அவர் பேசும்போது மட்டும் அந்த மீசைக்குப் பின்னால் இருப்பது தெரியும். மெதுவாக நடப்பவரை விட்டுவிட்டு முன்னால் ஓடக்கூடாது என்பது அவருக்குக் கால்பந்தில் வந்த கொள்கை அல்ல என்று தோன்றும்.

2011-இல் மன்னர் ஹுவான் கார்லோஸ் அவருக்கு மார்க்கீஸ் என்ற பிரபுப் பட்டம் வழங்கினார். இடதுசாரி என்பதற்காகச் சிறைப்பட்ட ரயில்வே ஊழியரின் மகன் பிரபு ஆனார். 2012-இல் முன்கள ஆட்டக்காரரே இல்லாமல் அணியை இறக்கி விமர்சகர்களைக் குழப்பினார். 'சலிப்பூட்டும் ஆட்டம்' என்றார்கள். ஜூலை 1 அன்று கீவ் நகரில் இத்தாலியை 4-0 என்று துவைத்து ஐரோப்பியக் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது ஸ்பெயின். ஐரோப்பா, உலகம், மீண்டும் ஐரோப்பா என்று தொடர்ந்து மூன்று பெரிய கோப்பைகளை அதற்கு முன் எந்த ஐரோப்பிய நாடும் வென்றதில்லை. அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகச் சர்வதேச கால்பந்து சம்மேளனம் அவரைத் தேர்ந்தெடுத்தது.

கதையை இங்கே முடித்தால் நன்றாகத்தான் இருக்கும்.

2014-இல் பிரேசிலுக்குப் போன அணியில் கசியாஸ், ஷாவி, அலோன்ஸோ, இனியஸ்ட்டா, ராமோஸ், வியா, டோரெஸ் எல்லோரும் இருந்தார்கள். நான்கு வயது கூடியிருந்தது. கசியாஸ் தன் கிளப்பிலேயே லீக் ஆட்டங்களில் இடம் இழந்திருந்தார். ஷாவிக்கு 34 வயது. முந்தைய ஆண்டு கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையின் இறுதியாட்டத்தில் பிரேசில் 3-0 என்று வென்று எச்சரிக்கை மணி அடித்திருந்தது. ஆட்களை மாற்றச் சொல்லிப் பத்திரிகைகள் எழுதின. டெல் போஸ்கே மாற்றவில்லை. உங்களுக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்களை எந்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்புவது?

ஜூன் 13, நெதர்லாந்து 5, ஸ்பெயின் 1. ஜூன் 18, ரியோ நகரின் மரக்கானா மைதானத்தில் சிலி 2, ஸ்பெயின் 0. இரண்டாவது ஆட்டத்திலேயே உலக சாம்பியன் வெளியேறியது. அதே நாளில் மாட்ரிட்டில் மன்னர் ஹுவான் கார்லோஸ் முடிதுறப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஸ்பெயின் பத்திரிகைகளுக்கு மறுநாள் தலைப்புக்குப் பஞ்சமே இல்லை.

2003-இல் பெரெஸ் செய்ததை 2014-இல் டெல் போஸ்கே செய்ய மறுத்தார் என்று இதைப் பார்க்கலாம். சாதித்தவர்களை, 'உன் காலம் முடிந்தது' என்று சொல்லி அனுப்புவது பெரெஸின் வழி. அதில் நன்றி கிடையாது. ஆனால் கணக்கு உண்டு. அந்த வழியின் அடியை வாங்கியவர், அதே வார்த்தைகளைத் தன் வாயால் இன்னொருவரிடம் சொல்லத் தயங்கினார். மனிதர் என்ற வகையில் அது அவருடைய உயரம். பயிற்சியாளர் என்ற வகையில் அது அவருடைய சறுக்கல். டர்பன் தோல்விக்குப் பிறகு புஸ்கெட்ஸைக் காப்பாற்றியதும், பிரேசிலில் களைத்த கால்களை நம்பியதும் ஒரே குணம்தான். 2010-இல் அதற்குப் பெயர் உறுதி, 2014-இல் பிடிவாதம். வெளியே நின்று பார்ப்பவர்களுக்குப் பெயரைத் தீர்மானிப்பது ஸ்கோர் போர்டு.

தயங்கித் தயங்கி ஒரு முறை அந்த வார்த்தையைச் சொல்லவும் செய்தார். 2016 ஐரோப்பியக் கோப்பையில் கசியாஸைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு இளைஞர் தெ கேயாவைக் கோல்கீப்பராக இறக்கினார். கசியாஸுக்கு ஒரு நிமிடம்கூட ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஜூன் 27 அன்று இத்தாலியிடம் 0-2 என்று தோற்று ஸ்பெயின் வெளியேறியது. இடம், அதே செயின்ட் டெனிஸ் மைதானம். 2000-இல் அவர் முதல் ஐரோப்பியக் கோப்பையைத் தொட்ட புல்தரை. அதோடு பதவி விலகினார். விலகிய பிறகு ஒரு பேட்டியில், கசியாஸ் சக ஆட்டக்காரர்களிடம் நன்றாக நடந்துகொண்டாலும் பயிற்சியாளர் குழுவிடம் அப்படி இருக்கவில்லை என்று வருத்தப்பட்டார். எல்லோருக்கும் விடைபெறும் செய்தி அனுப்பியவர் கசியாஸுக்கு அனுப்பவில்லை. எதையும் வெளியே சொல்லாத மனிதர் சொன்ன அந்த ஒரே மனக்குறை, தன் கண் முன்னால் சிறுவனாக வளர்ந்தவரைப் பற்றி. ஒருவரைப் பெஞ்சில் உட்காரவைப்பது எவ்வளவு செலவு பிடிக்கும் காரியம் என்பதை இரண்டு பக்கமும் அன்று தெரிந்துகொண்டன.

எட்டு ஆண்டுகளில் ஸ்பெயினுக்காக 114 ஆட்டங்கள், 87 வெற்றிகள். அதன் பிறகு அவர் எந்த அணியையும் ஏற்கவில்லை.

ஆனால் வீட்டில் ஏதாவது உடைந்தால் பெரியவரைக் கூப்பிடும் பழக்கம் ஸ்பெயினிலும் உண்டு. 2023-இல் பெண்கள் உலகக் கோப்பையை ஸ்பெயின் வென்றபோது, பரிசளிப்பு மேடையில் ஒரு வீராங்கனையை உதட்டில் முத்தமிட்ட விவகாரத்தில் சம்மேளனத் தலைவர் லூயிஸ் ருபியாலெஸ் பதவி விலக நேர்ந்தது. ஊழல் விசாரணைகளும் தொடர்ந்தன. உலகின் முன்னால் மானம் போய்க்கொண்டிருந்தது. 2024 ஏப்ரலில், சம்மேளனத்தைக் கண்காணிக்க அரசு ஒரு குழுவை அமைத்து, அதன் தலைமைக்கு டெல் போஸ்கேயை அழைத்தது. அவருக்கு அப்போது 73 வயது. பெயரளவுக்குத்தான் அதிகாரம், அரசு அவருடைய நல்ல பெயரைக் கேடயமாகப் பிடிக்கிறது என்ற விமர்சனமும் எழுந்தது. அதில் நியாயம் இருந்தது. அந்தப் பெயரைத் தவிர நாட்டில் எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்ளும் இன்னொரு பெயர் கால்பந்தில் சட்டென்று கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன்பு கிளப்பின் எதிர்காலத்துக்கு உதவமாட்டார் என்று சொல்லப்பட்டவர் அவர். அவரை அனுப்பிய பெரெஸ், 2006-இல் விலகி 2009-இல் திரும்பி வந்து, தன் தலைமையில் மேலும் பல சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளை மாட்ரிட்டுக்குச் சேர்த்தார். ஆகவே தூக்கியெறிபவர்கள் தோற்றுத்தான் போவார்கள் என்று சொல்ல முடியாது. கோப்பைகளை எண்ணினால் இரண்டு வழிகளுக்கும் அலமாரி நிறைந்திருக்கிறது. ஆனால் சம்மேளனத்தின் மானத்தைக் காப்பாற்ற ஆள் தேவைப்பட்ட அன்று, நவீனமான ஒருவரை யாரும் தேடவில்லை.